பன்னிரண்டு வந்த கணக்கு

அந்தப் புதன்கிழமைக் காலைப் பேச்சை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

கொக்குவிலில் ரயில் பாதையோரம் இருக்கும் தனியார் கல்வி நிலையம் ஒன்றின் பின் அறையில் நாங்கள் மூன்று பேர் வேலை செய்தோம். ஜெசிதா அக்கா வினாத்தாள்களைத் தமிழில் ரைப் செய்வார்; முதல் கொப்பியைச் சரிபார்த்துத் திருத்திக் கடைசிக் கொப்பியை அச்சுக்கு விடுவார். நான் அவற்றை ஆங்கிலத்தில் ஆக்குவேன். தம்பிராசா அண்ணை அச்சு மெசினில் பிரதி எடுப்பார். நிலையத்தை நடத்துபவர் பிரகாஸ் சேர். முதல் நாள் நடந்த முன்னோடிப் பரீட்சையின் கணிதத் தாளைப் பிடித்துக்கொண்டு அவர் உள்ளே வந்தார்.

“ஏழாம் கணக்கு, அந்த மூண்டு சமன்பாடு. நூற்றெண்பது பிள்ளையள் இருந்து எழுதினவை. ஒருத்தருக்கும் விடை வரேல்லை. கணக்குச் சேர் போனிலை என்னைத் திண்டுபோட்டார்.”

“என்ன பிழை?” என்று ஜெசிதா அக்கா கேட்டார்.

“ரெண்டு எக்ஸ் சய மூண்டு வை எண்டு வரவேணும். சக மூண்டு வை எண்டு கிடக்கு.”

கூட்டல் குறியைச் சக என்றும் கழித்தல் குறியைச் சய என்றும்தான் எங்கள் பள்ளிக்கூடங்களில் சொல்வார்கள். ஜெசிதா அக்கா தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“இது நான் விட்ட கொப்பி இல்லை சேர்.”

“எப்பிடிச் சொல்லுறியள்?”

“துணிகோவை செய்து பாத்துத்தானே விட்டனான். பன்னிரண்டு வந்தது. சக போட்டால் பன்னிரண்டு வராது.” அவர் தன் ஃபைலைத் திறந்து, தான் கணக்குச் செய்து பார்த்த தாளை எடுத்துக் காட்டினார். அடியில் 12 என்ற எண்ணைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டிருந்தது. பிரகாஸ் சேர் வட்டத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு மெசின் பக்கம் திரும்பினார்.

“அண்ணை, நீங்கள் முதல் கொப்பியை அடிச்சுப்போட்டியளோ?”

“இல்லைத் தம்பி. மூலையிலை ‘ஜெ’ போட்ட கடைசிக் கொப்பியைத்தான் அடிச்சனான்.”

“வடிவா யோசியுங்கோ. முந்தியும் ஒருக்கா வரலாற்றுப் பேப்பரிலை உப்பிடித்தான்.”

“அது ரெண்டு வரியத்துக்கு முந்தி. அதுக்குப் பிறகு நான் மூலையைப் பாக்காமல் மெசினிலை கை வைக்கிறேல்லை.”

“அப்ப அந்தக் கொப்பியைக் காட்டுங்கோவன்.”

“எப்பிடிக் காட்டுறது? பேப்பர் வெளியாலை போயிடும் எண்டு எல்லாத்தையும் எரிக்கச் சொல்லுறது நீங்கள். எரிச்சாச்சு. சாம்பலிலை ‘ஜெ’ தேடுவமோ?”

பிரகாஸ் சேர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். “பிள்ளை, இங்கிலிஸ் பேப்பரிலை என்ன கிடக்கு?”

“சக தான் சேர். நான் முதல் கொப்பியைப் பாத்துத்தான் அடிச்சனான்.”

“பாத்தியளோ அண்ணை. முதல் கொப்பியிலை சக. ஜெசிதா அதைத் திருத்திப்போட்டா. நீங்கள் திருத்தாததை எடுத்து அடிச்சிட்டியள்.”

தம்பிராசா அண்ணை ஜெசிதா அக்காவைப் பார்த்தார். “நீரும் அப்பிடித்தான் நினைக்கிறீரோ பிள்ளை?”

“கணக்கு அப்பிடித்தானே வருது அண்ணை,” என்றார் ஜெசிதா அக்கா.

“கொஞ்ச நாள் வீட்டிலை நில்லுங்கோ அண்ணை,” என்றார் பிரகாஸ் சேர். “நான் சொல்லி அனுப்புறன்.”

தம்பிராசா அண்ணை கையில் இருந்த மையைத் துணியால் துடைத்தார். போகாத மையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினொரு வருடமாக அந்த மெசினோடு இருந்தவர்.

நான் சொன்ன வசனம் உண்மை. ஆனால் முதல் கொப்பியில் எதையாவது திருத்தினால் ஜெசிதா அக்கா எனக்கும் ஒரு சொல் சொல்வார்; ஆங்கிலத் தாளிலும் அதை மாற்ற வேண்டும் அல்லவா? அந்தத் தாள் அடித்த கிழமை அவர் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அது அந்தக் காலையிலேயே என் நினைவுக்கு வந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

ஜெசிதா அக்கா குருநகர்க்காரி. அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. தகப்பன் யாகோப்பு கடல்தொழில் செய்தவர். ஜெசிதா அக்கா உயர்தரத்தில் கணிதம் படித்த வருடங்களில் யுத்தத்தால் கடலுக்குப் போவதற்குத் தடைகள் இருந்தன. போனாலும் கரையோரத்தோடு திரும்ப வேண்டும். முதல் தடவை எழுதிய சோதினையில் கணிதத்துக்கு ஆகக் குறைந்த தேர்ச்சியான சாதாரண சித்திதான் கிடைத்தது. இரண்டாம் தடவைக்கு விண்ணப்பம் நிரப்பி வைத்திருந்தார். அதை அனுப்ப வேண்டிய கிழமையில் ஒரு கடையில் ரைப் செய்கிற வேலை கிடைத்தது. “விண்ணப்பம் கனகாலம் பைபிளுக்குள்ளை இருந்தது. பிறகு எங்கை போனதெண்டு தெரியாது,” என்று ஒருமுறை சாப்பிடும்போது சொன்னார்.  முள்ளை எடுத்து வைத்துவிட்டு மீனைத் தொடர்ந்து சாப்பிட்டார்.

கல்யாணம் செய்யவில்லை. தகப்பன் போன பிறகு செபமாலை என்ற தாயும் அவரும்தான் வீட்டில். தாய்க்குச் சீனி வருத்தம். வலது காலில் ஆறாத புண். ஒவ்வொரு வியாழனும் பெரியாஸ்பத்திரியில் மருந்து கட்ட வேண்டும். விடியப்புறமே ஓட்டோவில் தாயைக் கொண்டுபோய் இலக்கம் எடுத்து, கட்டி முடித்து, திரும்ப வீட்டில் விட்டுவிட்டுக் கொக்குவிலுக்கு வரும்போது பதினொரு மணி ஆகிவிடும். வந்ததும் முகத்தைக் கழுவிவிட்டுக் கதிரையில் இருப்பார். கொஞ்ச நேரம் கணினியைப் போடாமல் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கணிதத் தாள் அடிப்பது அலுப்புப் பிடித்த வேலை. எங்கள் இடத்துக் கணினிகளில் இன்னும் பழைய தமிழ் எழுத்துருதான். அதில் முழுப் பக்கத்தையும் ஒரே எழுத்துருவுக்கு மாற்றினால் சதுர அடைப்புக்குறிகள் ஜ ஆகவும் ஸ ஆகவும் மாறிவிடும். எண்களை நிரை நிரையாக அடுக்கும் தாயம் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எண்களுக்கு இடப்பக்கம் ஒரு ஜ, வலப்பக்கம் ஒரு ஸ காவல் நிற்கும். ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து மாற்ற வேண்டும். இப்படி ஒரு பக்கத்துக்கு முப்பது இடம் வரும்.

நேரம் மிச்சம் பிடிக்க ஜெசிதா அக்கா ஒரு வழி வைத்திருந்தார். மூன்று சமன்பாடுகள் என்றால் ஒன்றை அடித்து, அதையே கீழே இரண்டு தரம் ஒட்டிவிட்டு, எண்களை மட்டும் மாற்றுவார். ஒட்டும்போது குறிகளும் கூடவே வரும். அதனால்தான் அவர் ஒவ்வொரு கணக்கையும் செய்து பார்க்காமல் விடுவதில்லை.

அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். சமன்பாடுகளில் எக்ஸ், வை, இசட் என்ற தெரியாக் கணியங்களுக்கு முன்னால் நிற்கும் எண்களை மூன்று நிரைகளாக எழுதுவார். இரண்டு பக்கமும் நெடுங்கோடு போடுவார். அந்த ஒன்பது எண்களில் இருந்து பெறுகிற ஒற்றை எண்தான் துணிகோவை. அது பூச்சியமாக இல்லாவிட்டால் சமன்பாடுகளுக்கு ஒரே ஒரு விடை உண்டு. பூச்சியமாக வந்தால் விடையே இல்லை, அல்லது எண்ணி முடியாத விடைகள். செய்வது கடினம் இல்லை, கவனம் வேண்டும். முதல் நிரையில் உள்ள ஒவ்வோர் எண்ணையும், அது நிற்கும் குறுக்கு நிரையும் நெடுக்கு நிரலும் போக மிஞ்சுகிற நான்கு எண்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்து வருவதால் பெருக்க வேண்டும். முதலாவதுக்குச் சக, நடுவில் உள்ளதற்குச் சய, மூன்றாவதுக்குச் சக. அந்த நடுக் குறியைத்தான் எல்லோரும் விடுவார்கள். நான் ஆங்கிலத்தில் படித்தபோதும் விட்டேன்; தமிழில் படித்தவர்களும் அதையேதான் விடுகிறார்கள். ஜெசிதா அக்கா விடமாட்டார். செய்யும்போது அவருடைய உதடு அசையும். சக, சய, சக.

ஆசிரியர்கள் கையால் எழுதித் தருகிற தாளோடு விடைத்தாளும் வரும். தன் விடை அதனோடு ஒத்துப்போனால் ஜெசிதா அக்கா கடைசிக் கொப்பியின் மூலையில், பிரதியில் விழாத வெளிர்நீலப் பென்சிலால் ‘ஜெ’ என்று போடுவார். அந்த எழுத்து இருந்தால் ஆசிரியர்கள் தாளைத் திரும்பப் பார்ப்பதில்லை. வேறு நிலையங்களில் படிப்பிப்பவர்கள்கூட மோட்டார் சைக்கிளை மதிலோரம் நிறுத்திவிட்டு வந்து, “அக்கா, இதை ஒருக்காச் செய்து பாத்துத் தாங்கோ” என்று கேட்பார்கள். அப்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும். அதை மறைக்கக் கண்ணாடியைத் துடைப்பார்.

தம்பிராசா அண்ணை போய் இரண்டு கிழமை ஆகியது. பிரகாஸ் சேர் தானே மெசினை இயக்கினார். தாள் சிக்கிக்கொள்ளும், மூடியைத் திறந்து இழுப்பார், சேட்டில் மை படும். “சொல்லி அனுப்புறன்” என்றதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தம்பிராசா அண்ணையின் செருப்பு மெசினுக்கு அடியில் இருந்தது. கூட்டுகிற அம்மா அதைத் தள்ளிக் கூட்டிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைப்பார்.

அந்தத் தாளைத் திருத்தி அடுத்த பிரிவுக்குக் கொடுக்கும்படி கணக்குச் சேர் கேட்டார். கணினியில் இருந்த பழைய கோப்பை அழித்தாயிற்று. ஜெசிதா அக்கா ஏழாம் கணக்கைத் திரும்ப அடிக்க இருந்தார். தான் செய்து பார்த்த தாளை ஃபைலில் இருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

“எண்களை வாசியுங்கோ தங்கச்சி. எனக்குக் கண் எரியுது.”

“முதல் நிரை. ரெண்டு, மூண்டு, நாலு.”

“ரெண்டு, சய மூண்டு, நாலு.”

“இதிலை சய இல்லை அக்கா.”

“இருக்கும். வடிவாப் பாருங்கோ.”

நான் தாளை அவர் பக்கம் திருப்பினேன். இரண்டு நெடுங்கோடுகளுக்கு நடுவில் அவருடைய சீரான எழுத்தில் 2 3 4 என்று இருந்தது. அதன் கீழே இரண்டாம் நிரை 1 2 1. மூன்றாம் நிரை 1 1 3. அதற்குக் கீழே ஒரு வரி:

10 − 6 − 4 = 0

அந்த வரியின் மேல் இரண்டு கோடு இழுத்து வெட்டியிருந்தது. அதற்கும் கீழே:

10 + 6 − 4 = 12

பன்னிரண்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பிரகாஸ் சேர் பார்த்தது அந்த வட்டத்தைத்தான். நானும் அதைத்தான் பார்த்தேன்.

ஜெசிதா அக்கா தாளை வாங்கிக் கிட்டப் பிடித்தார். ரயில் ஒன்று போய், மேசையில் இருந்த பேனை கொஞ்சம் உருண்டு நின்றது.

“முதலிலை சரியாத்தான் செய்திருக்கிறன்,” என்றார். குரல் மிகவும் களைத்திருந்தது. “நான் அடிச்ச கொப்பியிலை சக. அதைப் பாத்துத்தான் எண்களை எழுதியிருக்கிறன். பூச்சியம் வந்திருக்கு. சேரின்ரை விடைத்தாளிலை பன்னிரண்டு. நடுக்குறியிலை நானும் பிழை விட்டிட்டன் எண்டு நினைச்சு, சரியா இருந்த சயவை வெட்டிச் சகவாக்கியிருக்கிறன். அப்ப பன்னிரண்டு வந்திட்டுது.”

இரண்டு பிழைகள். ஒன்று ஒட்டும்போது வந்தது. மற்றது அதை அப்படியே மூடிவிட்டது. தாளில் இருந்த திகதியைப் பார்த்தேன். வியாழக்கிழமை.

“வியாழன் அக்கா. அம்மாவோடை ஆஸ்பத்திரிக்குப் போட்டு வந்த நாள்.”

“ஒவ்வொரு வியாழனும்தான் போறன்,” என்றார்.

அவர் அந்தத் தாளை மடித்தார். “இதைக் கிழிச்சால் ஒருத்தருக்கும் தெரியவராது, என்ன?” என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.  அவர் தாளைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு ஏழாம் கணக்கை அடித்து முடித்தார். பின்னேரம் பிரகாஸ் சேரின் அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது.

“விடுங்கோ ஜெசிதா,” என்றார் பிரகாஸ் சேர், தாளைப் பார்த்துவிட்டு. “அந்தக் கதை முடிஞ்சுது. இப்ப போய் மாத்திச் சொன்னால் ஆர் எங்கடை பேப்பரை நம்புவினம்?”

“தம்பிராசா அண்ணை?”

“அவருக்கும் வயசு போட்டுது. எப்பிடியும் இந்த வரியத்தோடை நிப்பாட்டத்தான் இருந்தனான்.”

“வயசுக்கு நிப்பாட்டுறதெண்டால் வயசைச் சொல்லி நிப்பாட்டுங்கோ சேர். என்ரை கணக்கைச் சொல்லி நிப்பாட்டாதேங்கோ.”

அவர் அப்படிக் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை. பிரகாஸ் சேரும் கேட்டிருக்கமாட்டார். “யோசிச்சுச் சொல்லுறன்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தாய்க்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஜெசிதா அக்கா யாழ்ப்பாண பஸ் நிலையத்துக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். “தாளை நீங்களும் பாத்தனீங்கள். நான் ஒருத்தி போய்ச் சொன்னால் பரிதாபத்துக்குச் சொல்லுறன் எண்டு நினைப்பார்,” என்பது அவர் சொன்ன காரணம். மானிப்பாய் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. பாதி வழியில் நான் சொன்னேன்:

“அக்கா, நீங்கள் திருத்தியிருந்தால் எனக்குச் சொல்லியிருப்பியள் எண்டு அண்டைக்கே எனக்கு மனதிலை ஓடினது.”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “சொல்லியிருக்கலாம் தங்கச்சி,” என்றார் மெதுவாக. கொஞ்சம் பொறுத்து, “எனக்கே அது ஓடியிருக்கவேணும்,” என்றார்.

தம்பிராசா அண்ணையின் வீட்டுப் படலையைத் திறந்தவர் அவருடைய மனைவி ஞானாம்பிகை. “இவ்வளவு நாளாப் பாதை அடைபட்டுக் கிடந்ததோ?” என்று கேட்டார். ஆனாலும் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளைத் துடைத்து மாமரத்துக்குக் கீழே போட்டார். தம்பிராசா அண்ணை முற்றத்தில் சைக்கிள் ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“பன்னிரண்டுப் பிள்ளை வந்திருக்கிறா,” என்று மனைவியிடம் சொன்னார். “தேத்தண்ணிக்குச் சீனி எத்தினை கரண்டி எண்டு கணக்குப் பாத்துப் போடும்.”

ஜெசிதா அக்கா சுற்றி வளைக்கவில்லை. “அண்ணை, பிழை என்னிலைதான். நீங்கள் அடிச்சது ‘ஜெ’ போட்ட கொப்பிதான்,” என்றார்.

ரியூப்பில் இருந்து குமிழிகள் வந்தன. அவர் அந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டார். “எப்பிடி இப்ப தெரிஞ்சது?”

ஜெசிதா அக்கா தாளைக் காட்டினார். வெட்டிய வரியைக் காட்டினார். தம்பிராசா அண்ணை ஈரக்கையோடு தாளைத் தொடாமல் குனிந்து பார்த்தார். “எனக்கு உந்தக் கம்பிக்குள்ளை நிக்கிற இலக்கங்கள் விளங்காது. விளங்கிற மாதிரிச் சொல்லும்.”

ஜெசிதா அக்கா தாளின் பின்பக்கத்தில் சோதினைக்குப் போன மூன்று வரிகளையும் எழுதினார்.

“இந்த ரெண்டாம் வரி. ஒரு எக்ஸ், ரெண்டு வை, ஒரு இசட். மொத்தம் ஏழு. மூண்டாம் வரி, ஒரு எக்ஸ், ஒரு வை, மூண்டு இசட். மொத்தம் பத்து. ரெண்டையும் கூட்டுங்கோ.”

“ரெண்டு எக்ஸ், மூண்டு வை, நாலு இசட். பதினேழு.”

“முதல் வரியைப் பாருங்கோ. அதே ரெண்டு எக்ஸ், மூண்டு வை, நாலு இசட். அங்கை பதினொண்டு எண்டு கிடக்கு.”

தம்பிராசா அண்ணை திரும்பவும் பார்த்தார். “ஒரே சாமான். ஒரு கடையிலை பதினேழு, மற்றக் கடையிலை பதினொண்டு.”

“ஓம் அண்ணை. அதாலைதான் ஒருத்தருக்கும் விடை வரேல்லை. அதைத்தான் இந்தப் பூச்சியம் சொன்னது. நான் அதை வெட்டிப்போட்டன்.”

“நான் அண்டைக்கு ‘ஜெ’ இருந்தது எண்டு சொன்னனான்.”

“சொன்னனீங்கள்.”

“நீர் என்னைப் பாத்துக் கணக்கு அப்பிடித்தான் வருது எண்டு சொன்னனீர்.”

“ஓம்.”

ஞானாம்பிகை அக்கா தேத்தண்ணியோடு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “மனிசன் ரெண்டு கிழமை ஒழுங்காச் சாப்பிடேல்லை,” என்றார். “நான் பிழையா அடிச்சிட்டனோ, நான் பிழையா அடிச்சிட்டனோ எண்டு என்னைக் கேக்குது. எனக்கென்ன தெரியும்?”

ஜெசிதா அக்கா தேத்தண்ணியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

“சொன்ன இடத்திலை சொல்லும்,” என்றார் தம்பிராசா அண்ணை. “அந்த அறையிலை. பிரகாஸ் தம்பியும் நிக்கவேணும், அந்தக் கணக்குச் சேரும் நிக்கவேணும். இங்கை என்ரை முற்றத்திலை சொன்னால் மாமரத்துக்குத்தான் கேக்கும்.”

செவ்வாய்க்கிழமை வகுப்பு தொடங்க முன்னர் ஜெசிதா அக்கா அதைச் செய்தார். கணக்குச் சேரைப் பின் அறைக்கு வரச் சொல்லிக் கேட்டார். பிரகாஸ் சேர் பின்னால் வந்து கதவோரம் நின்றார். தம்பிராசா அண்ணை வெளியே சைக்கிளைப் பிடித்தபடி யன்னல் கிட்ட நின்றார், உள்ளே வரவில்லை. ஜெசிதா அக்கா தாளை மெசினின் மூடி மேல் விரித்து வைத்தார். தான் எங்கே ஒட்டினார், எங்கே பூச்சியம் வந்தது, ஏன் வெட்டினார் என்று அதே களைத்த குரலில் சொல்லி முடித்தார். “தம்பிராசா அண்ணையிலை பிழை இல்லை. நான் சொன்னது பிழை,” என்றார்.

கணக்குச் சேர் தாளைச் சற்று நேரம் பார்த்தார். “பூச்சியத்தை வெட்டியிருக்கிறியள்,” என்றார். வகுப்புக்கு மணி அடித்தது. போய்விட்டார்.

பிரகாஸ் சேருக்கு முகம் சிவந்திருந்தது. யன்னலைப் பார்த்து, “வாங்கோ அண்ணை, மெசின் பழுதாக் கிடக்கு,” என்று மட்டும் சொன்னார். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. தம்பிராசா அண்ணை வியாழக்கிழமை வேலைக்கு வந்தார். மூடியைத் திறந்து, “ஆர் இதுக்குள்ளை மண் கொட்டினது?” என்றார். செருப்பைத் தட்டிவிட்டுப் போட்டுக்கொண்டார்.

ஆனால் அதற்குப் பிறகு அவரிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. ஒவ்வொரு கடைசிக் கொப்பியையும் மெசினில் வைக்க முன்னர், மூலை தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வார். ஜெசிதா அக்காவின் முன்னாலேயே எடுப்பார். முதல் நாள் அக்கா அதைக் கவனித்தார். கொப்பி ஆடாமல் இருக்க ஒரு பக்கத்தை விரலால் பிடித்துக் கொடுத்தார்.

கணிதத் தாள்களைச் செய்து பார்க்கும் வேலையைப் பிரகாஸ் சேர் என்னிடம் தந்தார். ஜெசிதா அக்காவுக்குச் சமயமும் வரலாறும் வந்தன. மதிலோரம் மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறவர்கள் ஒரு மாதத்துக்குள் குறைந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. சொல்லித் திரிந்தது யார் என்று தெரியாது.  தாயின் கால்விரல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. அந்தக் கிழமை மூன்று நாள் லீவு எடுத்தார். திரும்பி வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது.

நான் கணக்குகளைச் செய்து பார்த்தேன். எனக்கு அது இலகுவாக வரவில்லை. ஆங்கிலச் சொற்களில் நினைத்து, தமிழ்த் தாளில் எழுதி, விடைத்தாளைப் பார்த்து, ஒத்துப்போனதும் பெருமூச்சு விட்டு அடுத்ததுக்குப் போவேன். ஒத்துப்போகாவிட்டால் என் வரியில்தான் முதலில் பிழை தேடினேன். அதை நான் உணர்வதற்கே சில கிழமைகள் ஆயின.

மார்கழியில் ஒரு பின்னேரம் மழை விடாமல் பெய்தது. வகுப்புகள் இல்லை. தம்பிராசா அண்ணை மெசினுக்குத் துணி போர்த்திவிட்டு நேரத்தோடு போய்விட்டார். ஜெசிதா அக்கா சமயத் தாளை முடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போகாமல் இருந்தார். பிறகு கதிரையை என் மேசைக்குக் கிட்ட இழுத்தார். என் முன்னால் கணக்குச் சேரின் விடைத்தாள் விரித்திருந்தது. அவர் அதைப் பார்க்காமல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

“தங்கச்சி, உங்களுக்குக் கரைச்சல் இல்லையெண்டால் எனக்கு ஒரு கணக்கு எழுதித் தாங்கோ. மூண்டு சமன்பாடு. விடையை உங்களிட்டையே வைச்சிருங்கோ. நான் செய்யேக்கை சரியோ பிழையோ எண்டு முகத்திலையும் காட்டாதேங்கோ. நான் பேனையை வைச்சாப் பிறகு சொல்லுங்கோ.”